பாஞ்சாலங்குறிச்சிப் பாதையில் ஒரு படபடப்பு

செக்கிழுத்த சிதம்பரனார் பிறந்த ஊர்க்காரன் நான். அவருடைய நினைவு இல்லம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வெளியூரில் யாராவது ‘எந்த ஊரு?’ என்று கேட்டு நான் ‘ஓட்டப்பிடாரம்’ என்றால், அடுத்த வார்த்தையை அவர்களே சொல்லிவிடுவார்கள்: ‘வ.உ.சி. ஊரா!’ அந்தப் பெருமையிலேயே இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, முக்கால் கிலோமீட்டர் ஓடியதற்கே பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து ‘நம்ம கதை முடிஞ்சது’ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாலு வருஷமாக எழுதாமல் தள்ளிப்போட்டதும் அதனால்தான். இப்போது எழுதுவதற்குக் காரணம் என் நெஞ்சு இல்லை, சித்தப்பாவின் நெஞ்சு. அதற்குப் பிறகு வருகிறேன்.

2021 கோடையில் சர்க்கரை பார்த்தபோது எல்லைக்கோட்டில் நின்றது. ‘நடங்க’ என்றார் டாக்டர். எங்கள் பக்கம் 42 வயது ஆள் சும்மா ரோட்டில் நடந்துவிட முடியாது. எதிரே வருகிற வண்டியெல்லாம் நிற்கும். ‘என்ன அண்ணாச்சி, பஸ்ஸ விட்டுட்டியளா?’, ‘வண்டி ரிப்பேரா?’, ‘ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்’. இத்தனை பேருக்குப் பதில் சொல்வதற்குப் பயந்தே விடிவதற்கு முன்னால் கிளம்ப ஆரம்பித்தேன்.

அந்த நேரத்தில் ரோட்டில் இருப்பவர்கள் போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயார் செய்கிற பையன்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பாஞ்சாலங்குறிச்சி போகிற ரோட்டில் சுண்ணாம்பில் இரண்டு கோடு போட்டு, செல்போனில் நேரம் வைத்து ஓடுவார்கள். கொஞ்ச நாள் அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு நாள் ஒருவன், ‘மாமா, சும்மா எங்க பின்னாடியே மெதுவா வாங்க’ என்றான். போனேன். நடையாக இருந்தது ஓட்டமாயிற்று. ஐப்பசி வரைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். வயிற்றில் அதிரசம், முறுக்கு, முந்தின நாள் கறிக்குழம்பு எல்லாம் இருக்கிறது. மழைக்கு முந்தின புழுக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு, அடுத்ததை இரண்டு மடங்காக அடித்தது. அவ்வளவுதான். தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வருகிறவர் கால் இடறிச் சமாளிப்பாரே, அந்த அளவு. ஆனால் அந்த ஒரு விநாடிக்குள் எனக்குள் யாரோ ஒரு பெயரைச் சொன்னார்கள்: புனீத் ராஜ்குமார்.

ஒன்பது நாளுக்கு முன்னால்தான், அக்டோபர் 29, கன்னட நடிகர் புனீத் போயிருந்தார். 46 வயது. உடற்பயிற்சி செய்தபோது நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று டாக்டரிடம் போனவர் திரும்பவில்லை. அடுத்த நாட்களில் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்தவர்கள் கூட்டம் தாங்கவில்லை என்று செய்தி வந்தது. முப்பது வயதுக்காரர்கள், நாற்பது வயதுக்காரர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால் நம்ம விவேக். கோவில்பட்டியில் பிறந்தவர், எங்களுக்கு அவர் நடிகர் என்பதைவிடப் பக்கத்து ஊர் அண்ணன். ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 16 அன்று வீட்டில் மயங்கி விழுந்தார், 17 விடிகாலையில் போய்விட்டார். 59 வயது. இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாயில் அடைப்பு, தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். யார் காதில் விழுந்தது? டீக்கடையில் இரண்டு மாதம் அதே பேச்சு. அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் நானும் ஊசி போட்டுக்கொண்டேன்.

ஆக நெஞ்சு ஒருமுறை இடறியது. இந்த இரண்டு பேரும் கண் முன்னால் வந்து நின்றார்கள். மீதியைப் பயம் செய்தது. மூச்சு பற்றவில்லை. பற்றாததால் வேகவேகமாக இழுத்தேன். உதடு மரத்தது. விரல்நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பையன்கள் ஓடி வந்தார்கள். ‘மாமா, என்ன செய்யுது? சோடா வாங்கிட்டு வரட்டா?’ எங்கள் பக்கம் நெஞ்சில் என்ன வந்தாலும் முதல் மருந்து சோடா. குடித்தேன். இருபது நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்கியதும் இன்னும் பயமாகிவிட்டது, அது வேறு விஷயம்.

அன்றைக்கே தூத்துக்குடிக்குப் போய் ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தேன். ‘நார்மல்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து போனில் தேடினால், ‘படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி சரியாக இருந்தாலும் அடைப்பு இருக்கலாம்’ என்று போட்டிருக்கிறது. அது உண்மையும்கூட. ஓய்வில் இதயத்துக்குத் தேவை குறைவு; குறுகின குழாயும் சமாளித்துவிடும். வேலை வாங்கினால்தான் குறை தெரியும். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுவாரம் வேறொரு இதய மருத்துவரிடம் போனேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அம்மா. ஈசிஜியைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்வி கேட்டார். அந்தக் கேள்விகள் எனக்கு இன்னும் மனப்பாடம். ‘ஓடும்போது மட்டுமா, டிவி பார்க்கும்போதும் வருதா?’ டிவி பார்க்கும்போதும் வருது. ‘ஓட்டத்த நிறுத்தினா எத்தனை நிமிஷத்துல போகுது?’ சில சமயம் உடனே, சில சமயம் ஒரு நாள் முழுக்க. ‘வலி எங்கன்னு காட்டுங்க.’ ஒற்றை விரலை இடது மார்பில் ஒரு புள்ளியில் வைத்தேன். அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ‘மயங்கி விழுந்தீங்களா? விழப்போற மாதிரி இருந்துச்சா, விழுந்தேவிட்டீங்களா?’ விழவில்லை. ‘வீட்டுல யாராவது ஐம்பது வயசுக்குள்ள திடீர்னு இறந்திருக்காங்களா?’ இல்லை. ‘மூணு மாசம் முன்னாடி ஓடின தூரத்த இப்ப ஓட முடியுதா?’ கூடுதலாகவே ஓடுகிறேன், அதுதானே பிரச்சினை!

அப்புறம் எக்கோ, ரத்தம், தைராய்டு, கடைசியில் டிரெட்மில். நெஞ்சில் அங்கங்கே முடியைச் சிரைத்து ஒயரை ஒட்டி ஏற்றிவிட்டார்கள். ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் வகுத்த முறையாம், 1963லிருந்து உலகம் முழுக்க இதுதான். முதல் மூன்று நிமிஷம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு ஏற்றம் என்றால் கண்மாய்க்கரை ஒன்றுதான். மூன்றாம் கட்டத்தில் நாக்கு தள்ளிவிட்டது. 220இல் வயதைக் கழித்தால் தோராயமாக உச்சத் துடிப்பு வரும், எனக்கு 178. அதில் 85 சதவீதம், அதாவது 151ஐத் தொட வேண்டும் என்றார்கள். 164 வரைக்கும் போனது. பக்கத்தில் ஒரு நர்ஸ், எதிரே ஒரு டாக்டர், திரையில் என் இதயம் மேலும் கீழும் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பாலத்துக் கட்டையில் பட்ட அவஸ்தையைவிட அதிகமாக நெஞ்சு அங்கே அடித்தது, துளிப் பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை.

‘உங்க இதயம் ஒழுங்கா வேலை செய்யுது. அது வேலை செய்யற சத்தம் உங்களுக்குக் கேட்டுருச்சு, அவ்வளவுதான்’ என்றார் அந்த அம்மா. இடையில் ஒரு துடிப்பு இடறுவது நல்ல இதயத்திலும் அடிக்கடி நடப்பதுதானாம். தூக்கம் கெட்டால், காப்பி கூடினால், வயிறு முட்டத் தின்றால் இன்னும் கூடும்.

மறுநாளே குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய். தாள் கையில் இருக்கிறது, பயம் போகவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து நாடி எண்ணுவது பழக்கமாகிவிட்டது. சாப்பிடும்போது, படுக்கும்போது, யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போதுகூட. மச்சான் துபாயிலிருந்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொண்டுவந்து கொடுத்தான். எரிகிற வீட்டுக்கு எண்ணெய்ச் சட்டி கொடுத்த மாதிரி. பார்க்கப் பார்க்க அது கூட்டிக் காட்டும். கூட்டிக் காட்டுவதைப் பார்த்து நெஞ்சு இன்னும் கூடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓடுவதை விட்டுவிட்டேன். பாலம் கண்ணில் பட்டாலே படபடப்பு ஆரம்பித்துவிடும்.

1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இந்தச் சுழலைத்தான் விளக்கி எழுதினார். உடம்பில் ஒரு சின்ன அசைவு. அதற்கு ‘ஆபத்து’ என்று மனசு பொருள் சொல்கிறது. பொருள் சொன்னதும் பயம். பயத்தால் உடம்பில் இன்னும் பெரிய அசைவு. ‘பார்த்தாயா, நான்தான் சொன்னேனே’ என்று மனசு. உதடு மரத்ததற்கும் கணக்கு உண்டு. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு இறங்கிவிடும். அது இறங்கினால் உதடும் விரலும் மரக்கும், தலை கிறுகிறுக்கும். காற்றுப் பற்றவில்லை என்று இழுக்கிறோம். உண்மையில் கூடுதலாக இழுத்துவிட்டதுதான் கோளாறு.

இதை விளங்கவைத்தது புத்தகம் இல்லை, நாய்கள். மார்கழி விடிகாலை, பனி இறங்கியிருக்கிறது. நடந்து போய்க்கொண்டிருந்தேன். கோழிப்பண்ணைப் பக்கத்திலிருந்து இரண்டு நாய் பாய்ந்து வந்தது. எடுத்தேன் ஓட்டம். அப்படி ஓர் ஓட்டத்தை ஸ்கூலில்கூட நான் ஓடியதில்லை. பாலம் எப்போது வந்தது, எப்போது தாண்டியது என்று தெரியாது. நாய்கள் அலுத்துப்போய்த் திரும்பின பிறகு குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு வெளியே வந்து விழுந்துவிடும் போல அடிக்கிறது. வாட்சைப் பார்த்தேன்: 176. ஒரு பயமும் இல்லை! சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் நெஞ்சு எதற்காக அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். நாய்க்காக அடிக்கிறது. டிரெட்மில்லில் மிஷினுக்காக அடித்தது. காரணம் கையில் இருக்கும்வரை அதே அடி வெறும் அடிதான்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு கதை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கட்டபொம்மனின் முன்னோர் வேட்டைக்கு வந்தபோது, துரத்தின நாய்களை ஒரு முயல் திரும்பி நின்று விரட்டியதாம். அந்த மண்ணின் வீரத்தைப் பார்த்துத்தான் அங்கே கோட்டை கட்டினார்களாம். அந்த முயலின் வம்சத்தில் நான் இல்லை என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. ஆனால் மறுநாளிலிருந்து பாலத்தைத் தாண்டினேன்.

இந்தக் குழப்பம் நம் காலத்தில், நம் போனில் பிறந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில், அணிவகுத்து நடக்க முடியாமல் நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, வலிக்கிறது என்று வந்த சிப்பாய்களை ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் கவனித்தார். 300 பேருக்கு மேல் பார்த்து 1871இல் கட்டுரை எழுதினார். இதயத்தில் கண்ணுக்குத் தெரிகிற நோய் இல்லை. ஆனால் ஆள் நிற்க முடியாமல் தவிக்கிறார். முதல் உலகப் போரில் அதே கூத்து பிரிட்டிஷ் படையில். தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் அதற்கு வைத்த பெயரே ‘உழைப்பு’ என்ற சொல்லை வைத்துத்தான்: உடம்பை வருத்தும்போது வருகிற கோளாறு. அவர் இவர்களைப் படுக்கவைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உடற்பயிற்சி கொடுத்தார். யார் தேறுகிறார்கள், யார் தேறவில்லை என்பதை வைத்தே ஆளைப் பிரித்தார். 1941இல் பால் வுட் என்பவர் வந்து, இதில் பெரும்பாலும் நடப்பது பயம்தான், இதயத்தைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று வாதாடினார். எழுபது வருஷம், மூன்று மருத்துவர்கள், ஆயிரக்கணக்கான சிப்பாய்கள். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்த எனக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் மரியாதை கூடின மாதிரி இருந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை.

போன வருஷம் மாசி மாதம். சித்தப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை பதினைந்து வருஷமாக. உளுந்து எடுத்து முடிந்த காட்டைப் பார்க்க தினமும் நடந்து போவார். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: ‘கண்மாய்க்கரை ஏறையில நெஞ்சுல பாரம் வச்ச மாதிரி இருக்குப்பா. வாயு பிடிக்கு. கொஞ்ச நேரம் நின்னா விட்டுருது. பெருங்காயத்த மோர்ல கலக்கிக் குடிச்சாலும் மறுநா அதே எடத்துல பிடிக்கு.’ சொல்லும்போது உள்ளங்கையை மார்பு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘பயப்படாதிய சித்தப்பா, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எல்லாம் எடுத்துப் பாத்தேன், ஒண்ணுமில்ல. பயந்தாத்தான் கூடும்.’ பெரிய அனுபவசாலி!

பதினொரு நாள் கழித்து, விடிகாலை நாலரை மணிக்குச் சித்தி கதவைத் தட்டினாள். சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது, உடம்பு சில்லென்று. ‘ஒண்ணுமில்லப்பா, வாயுதான்’ என்கிறார் அப்போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது ‘இதயம் காப்போம்’ திட்டத்து மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள், 2023இலிருந்து. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை, ஒரே தடவையில். ஈசிஜி பார்த்து அதைக் கொடுத்து 108இல் ஏற்றி அனுப்பினார்கள். தூத்துக்குடியில் அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு அலையவில்லை. பிழைத்தார்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அந்த டாக்டரம்மாவின் கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதே கேள்விகளைச் சித்தப்பாவிடம் நான் கேட்டிருந்தால் போதும். எனக்கு வந்தது உட்கார்ந்திருந்தாலும் வரும், ஓடும்போது வராமலும் இருக்கும். ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் முதுகு. சுருக்கென்று ஊசி குத்தி அரை விநாடியில் மறையும் அல்லது சாயங்காலம் வரைக்கும் மந்தமாக நிற்கும். அதற்கு நேரம்காலம் கிடையாது. சித்தப்பாவுக்கு வந்ததோ கணக்கு தப்பாமல் வந்தது: அதே ஏற்றம், அதே இடம், அதே பாரம், நின்றால் சில நிமிஷத்தில் விடும். எந்த ஊர் வாயு கண்மாய்க்கரை ஏறினால் மட்டும் பிடித்து, இறங்கினால் விடும்? நான் காட்டியது ஒற்றை விரல். அவர் வைத்தது உள்ளங்கை. இதயவலிக்காரர் முஷ்டியையோ உள்ளங்கையையோ மார்பு நடுவில் வைத்துக் காட்டுவது மருத்துவர்கள் பல தலைமுறையாகக் கவனித்த ஒன்று. அது மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஒரு கேள்வி எழ வேண்டாமா?

நெஞ்சுக்கு நடுவே இறுக்கம், அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ ஏறுவது, குளிர்ந்த வேர்வை, குமட்டல், ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பி விழுவது, போன மாதம் சாதாரணமாக ஏறின படியில் இந்த மாதம் மூச்சு முட்டுவது, இவற்றில் எது வந்தாலும் ‘இது பயமா, நோயா’ என்று ஆராய்ச்சி பண்ணுகிற வேலை நம்முடையது இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் வயிற்று எரிச்சலுமாகவும் வரலாம். பெண்களுக்கும் பல சமயம் அப்படித்தான். ஓய்விலேயே வந்து சில நிமிஷத்தில் விடவில்லையென்றால் சோடாக்கடைக்கு இல்லை, 108க்கு. ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் தலை சுற்றுவது வேறு: ரத்தம் காலில் தங்கிவிடும், நாலு நிமிஷம் நடந்து ஆறினால் சரியாகும். பையன்களிடம் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன், கோட்டைத் தாண்டினதும் தொப்பென்று உட்காருவதை விடமாட்டார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பயத்தையும் நோயையும் மாற்றி எடுத்துக்கொள்கிற இந்தத் தவறு எங்கள் பக்கத்தில் தலைகீழாக நடக்கிறது. பயந்த நெஞ்சுக்காரர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறோம். அடைத்த நெஞ்சுக்காரர்கள் பெருங்காயம் கலக்கிக் குடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பயத்துக்குச் சத்தம் அதிகம். சித்தப்பாவின் வலிக்குச் சத்தமே இல்லை. சத்தத்தை வைத்து எடை போட்டவன் நான்.

மூன்றாவதாக ஒரு தவறும் உண்டு, அது பெண்களுக்கென்று ஒதுக்கினது. மதினி புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கடைக்குத் தைக்கிறாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது என்று ஒரு வருஷமாகச் சொன்னாள். ‘டென்ஷன்’, ‘பயந்த சுபாவம்’, ‘பிள்ளையைப் பத்தியே யோசிக்கா’ என்று ஆளாளுக்குச் சொன்னோம். ஒருத்தர் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகச் சொன்னார். கடைசியில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. ரத்தத்தில் சரக்கு இல்லாவிட்டால் இதயம் நடையைக் கூட்டித்தானே ஆக வேண்டும்? மாதவிலக்கில் அதிகம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. இரும்புச்சத்து மாத்திரையில் நாலைந்து மாதத்தில் தேறிவிட்டாள். இதயமும் இல்லை, பயமும் இல்லை. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும். ஓடி நிறுத்தின ஐந்து பத்து நிமிஷத்தில் இருமலும் விசிலும் கிளம்பினால் அது மூச்சுக்குழாய்ச் சுருக்கம். அக்கினி நட்சத்திரத்தில் எட்டு மணிக்கு மேல் வெயிலில் ஓடினால் யாருக்கும் நெஞ்சு அடிக்கும், தலை வலிக்கும், குமட்டும். நிழலுக்கு வந்து உப்புப் போட்ட மோர் குடிக்க வேண்டியதுதான். பேச்சு குழறி, புத்தி தடுமாறினால் தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

என்னை மாதிரி ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுங்கள். பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு நாலாவது ஈசிஜி எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஈசிஜியின் தைரியமும் எனக்கு ஒரு வாரம்தான் தாங்கியது. ஓட்டத்தை மட்டும் விடாதீர்கள். 1998இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் புரூக்ஸ் என்ற மருத்துவரும் அவர் கூட்டத்தாரும் இப்படித் திரும்பத் திரும்பப் பயம் தாக்குகிற பீதி நோய் இருந்த 46 பேரை வைத்துப் பத்து வாரம் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஓட்டம், ஒரு பகுதியினருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. மருந்துக்காரர்கள்தான் சீக்கிரமும் அதிகமும் தேறினார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஓடினவர்களும் வெறும் மாத்திரைக்காரர்களைவிட நன்றாகவே தேறினார்கள். ஓடும்போது நெஞ்சு அடிக்கிறது, நாம் சாகவில்லை. மறுநாள் அடிக்கிறது, சாகவில்லை. இப்படி உடம்புக்கே ஒரு நாள் புரிந்துவிடுகிறது. அப்படியும் தீராவிட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் சேவை இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். நான் ஒரு ராத்திரி பேசியிருக்கிறேன். மறுமுனையில் இருந்த பெண் முதலில் கேட்டது, ‘இதுக்கு முன்னாடி இதயத்தைப் பரிசோதிச்சுப் பாத்துட்டீங்களா சார்?’ சரியான வரிசை அதுதான்.

வாட்சை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது என் கணக்கு பேச்சுதான். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. பேச முடியாமல் ஒற்றை ஒற்றை வார்த்தையாக வந்தால் கூடுதல். பாட முடிந்தால், நீங்கள் ஓடவில்லை.

சித்தப்பா இப்போது என்கூடத்தான் வருகிறார். டாக்டர் சொன்ன அளவு, சமதரையில் அரை மணி நேரம். சட்டைப்பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கும். பாலத்துக் கட்டை வந்ததும் அவர் உட்கார்ந்துகொள்வார், நான் தாண்டிப் போய்த் திரும்பி வருவேன். திரும்பி வரும்போது தினமும் கேட்பார்: ‘என்னடே, இன்னைக்கு யாரு? புனீத்தா, விவேக்கா?’ எனக்கு மூச்சு வாங்கும். ‘நாயி, சித்தப்பா’ என்பேன்.

நேற்று ராத்திரி நல்ல மழை. இந்த வருஷத்து முதல் பெருமழை. விதைப்புக்குக் காத்திருந்த ஊர் முழுக்க இன்றைக்குக் காட்டில்தான். விடிந்ததும் எட்டிப் பார்த்தேன். தெருமுனையிலிருந்தே கரிசல் குழைந்து கிடக்கிறது. ஒரு அடி வைத்தால் ஷூவோடு அரைக் கிலோ மண் கூட வரும். பையன்கள் யாரையும் காணோம். சித்தப்பா மட்டும் குடையோடு வந்து வாசலில் நின்று, ‘ஏய், கிளம்பலையா?’ என்று கேட்கிறார்.